உன்னைப் பத்தி ஒரு வார்த்தை

கம்யூனிகேஷன் ஸ்கில் பத்தாதாம். எனக்கு! மேடம் மூஞ்சிக்கு நேரா சொல்றாங்கப்பா. எங்க வீட்டுல வந்து கேட்டுப் பாரு. நான் வாயத் திறந்தா எங்கண்ணன் துண்டை எடுத்துக்கிட்டு குளிக்கப் போயிடுவான். ஏற்கனவே குளிச்சு முடிச்சிருப்பான், அது வேற விஷயம்.

இல்ல, நீயே சொல்லு... இரு, நான் முடிச்சுடறேன். காலேஜ் சேர்ந்த புதுசுல இன்டர்வியூ மாதிரி ஒண்ணு வெச்சாங்கல்ல? உன்னைப் பத்தி சொல்லும்மான்னாங்க. சொன்னேன். பொறந்ததுல ஆரம்பிச்சு, சைக்கிள்ல விழுந்து கைய உடைச்சுக்கிட்டது வரைக்கும் வந்துட்டேன், போதும் எந்திரிம்மான்னுட்டாங்க. நடுவுல அவங்க ஏதோ கேள்வியெல்லாம் கேட்டாங்களாம். கேட்டிருக்கலாம். பேசிக்கிட்டு இருக்கறவளுக்கு எங்க காதுல விழும்?

இப்ப பாரு, வேற வேற செக்ஷன் ஆளுங்கள ரெண்டு ரெண்டு பேரா சேத்து வராந்தாவுக்குத் தொரத்தியாச்சு. பக்கத்துல இருக்கறவங்களப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டு, உள்ள வந்து கிளாஸ் முன்னாடி அவங்கள அறிமுகப்படுத்தணுமாம். நல்லா பண்றவங்களத்தான் லீவுல கம்பெனிக்கு வேலை பழக அனுப்புவாங்களாம். எனக்கு இதெல்லாம் ஜுஜுபி. எங்கப்பா இப்பவே, கம்பெனி வாசல்ல நானே கொண்டுபோய் விடறேன்னு வண்டியத் தொடச்சு வெச்சிருக்காரு. தெருவுல ஒருத்தர் விடாம சொல்லியாச்சு.

என்ன, ஏதோ சொல்ல வந்த? ஒரு நிமிஷம், இத சொல்லிடறேன், இல்லன்னா மறந்துடும். எங்க சித்திக்கு போன் போட்டா அவங்க போனை சமையல் மேடையில வெச்சுட்டு பாத்திரம் கழுவுவாங்க. தண்ணி சத்தம் கேக்கும். நான் விடுவேனா? பேசுவேன்.

உண்மையச் சொல்லவா? எனக்கு பயம்ப்பா. எதிர்ல இருக்கறவங்க என்ன கேட்டுடுவாங்களோ, எனக்குத் தெரியாம முழிப்பேனோன்னு... அதான் கேக்கவே விடாம பேசிக்கிட்டே இருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாத. உன்கிட்ட ஏன் சொல்றேன்னா, நீ நல்ல பொண்ணு. பொறுமையா கேக்கற. எங்க வீட்டுல இப்படி ஒரு ஆள் இருந்தா நான் ஏன் இப்படி...

ஐயோ, கதவு திறந்துடுச்சு. நம்மளத்தான் கூப்பிடறாங்க. நான்தான் முதல்லயா? சரி, சரி, வரேன் மேடம்.

ஏய்... நில்லுப்பா. நீ பாட்டுக்கு உள்ள போனா எப்படி? உன் பேரு என்ன? எந்த ஊரு? ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுப் போயேன். சத்தியமா குறுக்க பேச மாட்டேன்.