அக்தரி பேகம் சுமந்த தண்ணீர்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மனைவி அக்தரியைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மக்பூல் பாய் அவர்களே, ஆம்பூர்ப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! தாவரவியல் துறைத் தலைவன் ஜெபசீலன் பேசுகிறேன். பேசத் தகுதி இருக்கிறதா என்று தெரியாமலே பேசுகிறேன்.

எங்கள் துறை ஆசிரியர் முனைவர் அக்தரி பேகம் எதை ஆராய்ந்தார்? மகரந்தத்தூள் பூவில் விழுந்ததும் அதிலிருந்து ஒரு குழாய் முளைத்துச் சூலைத் தேடி வளரும். நுனிச்சுவர் இளகியிருந்தால்தான் வளரும். பின்சுவர் இறுகியிருந்தால்தான் வெடிக்காமல் நிற்கும். அந்தப் பக்குவத்தைத் தருவது எந்த மரபணு? ஒரு மரபணு செயலிழந்த செடியின் மகரந்தத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் முளைக்கவிட்டபோது குழாய்கள் வெடிப்பதை அவர் 2002இல் கண்டார்.

இதே கூடத்தில் அதைச் சொன்னார். நான் என்ன செய்தேன்? நல்ல செடியிலும் சில குழாய்கள் வெடித்திருந்ததைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, தோல் ஷாப்பு கழிவு கலந்த நம்மூர்த் தண்ணியில இன்னாதான் வெடிக்காது?" என்றேன். கூடமே சிரித்தது.

"சரி சார், தண்ணிய மாத்திப் பாத்துட்றேன்" என்றார் அவர்.

இரண்டு ஆண்டுகள்! சனிக்கிழமைதோறும் வேலூர் போய், இருமுறை காய்ச்சி வடித்த தண்ணீரைக் கேனில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஆய்வகத்துக்கே தண்ணீர் வடிக்கும் கருவி கேட்டு நான் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லையே! நோட்டைக் காட்ட வந்தபோதெல்லாம் "அப்புறம் பார்க்கலாம்" என்றவன் நான்.

போன சனிக்கிழமை, பள்ளிகொண்டா தாண்டியதும் பஸ்ஸிலேயே அவர் இதயம் நின்றுவிட்டது. கண்டக்டர் கைப்பையோடு கேனையும் கல்லூரியில் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

திங்கட்கிழமை, ஆய்வக உதவியாளர் நிசார் அஹமது என் முன் நின்று அழுதார். "செடி பூத்துருக்குது சார். மேடம் கொண்டாந்த தண்ணி அப்டியே இருக்குது. கொட்ட மனசு வரல."

இருவரும் சேர்ந்து அந்தத் தண்ணீரில் சர்க்கரை கரைத்து மகரந்தத்தைத் தூவினோம். நுண்ணோக்கியில் நானே எண்ணினேன். நல்ல செடியின் குழாய்கள் நின்றன. மரபணு செயலிழந்த செடியின் குழாய்களில் நூற்றுக்கு எண்பது வெடித்துக் கிடந்தன. பிறகுதான் அவருடைய நோட்டைத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் அதே முடிவு!

அக்தரி, நீங்கள் சொன்னது சரி. உங்களைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்த இடத்தில் நின்றே சொல்கிறேன்: தவறு என்னுடையது. ஐயோ, இதைக் கேட்க நீங்கள் இல்லையே அம்மா!

கட்டுரை உங்கள் பெயரில்தான் வெளிவரும். அதற்கு இன்னும் மூன்று முறை சோதிக்க வேண்டும். நாளை சனிக்கிழமை. நிசார் கேனைக் கழுவி வைத்திருக்கிறார். மக்பூல் பாய், நீங்கள் அனுமதித்தால், அதே பஸ்ஸில் நான் போகிறேன்.