பூச்சி அரித்த இலை

பெயர் ஓதோசே, வயது இருபத்தெட்டு. அரிதா என்னும் ஊரின் செவ்வண்ணத் தெருவில், பீங்கானுக்குப் பூ எழுதும் குஹேய் என்பவரின் இளைய மருமகள். என் கணவர் ஜின்ரோகு சிவப்புக் கலவையின் இரகசியத்தோடு எல்லை தாண்டிப் போய்விட்டார் என்பது வழக்கு. பிடிபட்டால் தலை போகும் என்று எனக்குத் தெரியும். போன அறுவடைக்குப் பின் அவரை நான் பார்க்கவில்லை.

இம்மாதம் என்னையும் மாமனாரையும் இந்த விசாரணைக் கச்சேரிக்கு வரவழைத்து, அயல்சீமைச் சந்தையில் வாங்கியதாகச் சொல்லி ஒரு கிண்ணத்தை, அதிகாரியான தாங்கள் காட்டினீர்கள். அதில் சிவப்பில் செவ்வந்திக் கொத்து எழுதியிருந்தது. "இந்த இலையப் பாரு. பூச்சி அரிச்ச மாதிரி எழுதறவன் உங்க தெருவுலயே உன் சின்ன மகன் ஒருத்தன்தானாமே?" என்று மாமனாரைக் கேட்டீர்கள்.

"அவனுக்கு இவ்வளவு சுத்தமா வராதுங்க ஐயா. அவன் எழுதற பூவுல மாடுகூட வாய் வைக்காது" என்றார் மாமனார். அதன் பிறகு, கண் மங்கல் என்று கிண்ணத்தைக் கையில் கேட்டு வாங்கி, வெளிச்சத்துக்காக வாசற்படிவரை போனார். அங்கே அது கை நழுவிக் கல்லில் விழுந்து உடைந்தது. துண்டுகளை அவரே மண்டியிட்டுப் பொறுக்கினார். அதன் பிறகு தாங்கள் துண்டுகளை இணைத்துப் பார்த்ததில், அந்த இலை இருந்த இடம் மட்டும் ஓட்டையாக இருந்தது. எங்கள் இருவரையும் உடை களைந்து சோதித்ததில் ஒன்றும் அகப்படவில்லை.

திரும்பும் வழியில் மாமனார் துப்பிய எச்சிலில் இரத்தம் இருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். "பல்லு ஆடுது. நீ வழியப் பாத்து நடம்மா" என்றார். மறுநாள் முதல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். வைத்தியரை அழைக்க விடவில்லை. கஞ்சி இறங்கவில்லை. அதன் பிறகு கறுப்பாக வாந்தி எடுத்தார். கடைசியில், "புதைக்க வேணாம், எரிச்சிடு" என்று மட்டும் சொன்னார். மகன் பெயரைச் சொல்லாமலே இறந்தார்.

நான் விஷம் வைத்ததாக என் கணவரின் அண்ணன், மூத்தார், சொல்வது பொய். தங்களைக் கேட்காமல் பிணத்தை எரித்தது உண்மை. மாமனார் எதையும் விழுங்கியதை நான் பார்க்கவில்லை. மூத்தார் வராததால் எலும்பு பொறுக்கியது நான் ஒருத்திதான். பீங்கான் நெருப்பில் அழியாதே, சாம்பலில் என்ன கிடைத்தது என்று கேட்கப்பட்டது. எலும்பு மட்டுமே கிடைத்தது. என் வலது உள்ளங்கையில் இருக்கும் தீக்காயம் வீட்டு அடுப்பில் பட்டது.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது இவ்வளவே, யாவும் மெய். எழுதத் தெரியாததால் இடது கட்டைவிரலில் மை தொட்டு ரேகை வைத்தேன்.

ஓதோசே