இருசம்மாளின் இழுப்பும் புடைத்து அனுப்பிய சாமையும்

பாராட்டு விழாவுக்குத் தலைமையேற்று, பனியையும் பொறுத்து அமர்ந்திருக்கும் பெரியவர் சின்னராசு அவர்களே, மலைமேலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வந்திருக்கும் மூத்தோரே, மடியில் பிள்ளையும் இமையில் உறக்கமுமாய் வீற்றிருக்கும் தாய்மார்களே, கரியாலூர் மண்ணுக்கு என் வணக்கம்.

களைத்துப்போய் வந்திருக்கிறேன். குரலும் கம்மிவிட்டது. உடம்புக்கு எது ஒவ்வாது என்று ரத்தத்தைக் கொண்டு கண்டுபிடிக்கும் சோதனைகளைச் செய்கிறது எங்கள் சென்னைக் கம்பெனி. ஊர் ஊராய் அலைந்து ரத்தமும் தூசியும் சேர்ப்பது என் வேலை.

இருசம்மாளை நீங்கள் அறிவீர்கள். சாமை அடிக்கும் களத்தில் கால் வைத்தால் இருமல், இருமினால் இழுப்பு, இழுத்தால் இரவெல்லாம் இம்சை. அவர் கணவர் பச்சமுத்து இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவரே சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். "வேலைக்குப் பயந்துகினு இருமுறா. ரத்தம் சொல்லட்டும், நம்புறேன்" என்றார்.

ரத்தம் எடுத்தேன். அது இட ஒதுக்கீட்டு மறியல் நடந்த வாரம். எலவனாசூர்கோட்டை அருகே சாலையில் மரம் கிடந்தது. பேருந்து நின்றது, பெட்டியில் ஐஸ் உருகியது. மறியலில் இருந்த கலையரசன் என்பவர், "பொட்டியில இன்னாங்க?" என்றார். "ஒரு அம்மாவோட ரத்தம்" என்றேன். எந்தச் சாதி ரத்தம் என்று கேட்டாரா? கேட்கவில்லை. சோடாக் கடையில் ஐஸ் வாங்கி நிரப்பி, மரத்தைத் தாண்டிப் பெட்டியைச் சுமந்து வந்து, அந்தப் பக்கம் நின்ற வண்டியில் என்னை ஏற்றிவிட்டார்.

கைதட்டாதீர்கள் ஐயா, கதை இன்னும் முடியவில்லை. அத்தனை பாடுபட்டுப் போன ரத்தம், 'சாமையால் ஒவ்வாமை இல்லை' என்று திரும்பி வந்தது. பச்சமுத்து சிரித்தார். இருசம்மாள் மறுபடி களத்துக்குப் போனார், களத்திலேயே சாய்ந்தார். கட்டிலோடு தூக்கி மலையிறக்கி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பிழை எங்கே? ரத்தத்தோடு சேர்த்துச் சோதிப்பதற்காகக் களத்தில் கிடப்பதை அப்படியே அள்ளி அனுப்புங்கள் என்று முன்பே கேட்டிருந்தோம். நீங்களோ புடைத்து, சலித்து, கல் பொறுக்கி, புதுத் துணியில் முடிந்து அனுப்பினீர்கள். புடைத்துக் கொடுத்த ராணியம்மாளைக் கேட்டேன். "பெரிய எடத்துக்குப் போறதுங்க, குப்பையோட குடுக்கறதா?" என்றார். மரியாதைதான் அது. ஆனால் இருசம்மாளின் மூச்சை மறித்தது சாமையல்ல, நீங்கள் புடைத்து ஒதுக்கிய தூசி. அந்தத் தூசியை அள்ளித் தரவைக்க வீடு வீடாய்க் கெஞ்சினேன். அதைக்கொண்டு புதிதாய்ச் சோதனை செய்தோம். இந்த முறை ரத்தம் ஆமாம் என்றது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். மகிழ்வார் என்று நினைத்தேன். "அதைத்தானே சார் நானும் சொல்லிக்கினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு, நீங்கள் என் கழுத்தில் போட்ட இந்த மாலை எனக்குப் பாரமாக இருக்கிறது. ரத்தம் பேசியது, ரத்தம் பேசியது என்கிறீர்கள். அதற்கு முன்னே அந்த அம்மா பேசவில்லையா? வாயால் பேசினார், வீடு கேட்கவில்லை. இருமலால் பேசினார், களம் கேட்கவில்லை. இழுப்பால் பேசினார், ஊர் கேட்கவில்லை. சென்னைக்குப் போன ரத்தம் திரும்பி வந்து சொன்ன பிறகுதானே நம்பினோம்? பச்சமுத்து, தலையைத் தூக்குங்கள், உங்களை மட்டும் சொல்லவில்லை.

எல்லாத் தூசிக்கும் எங்களால் சோதனை செய்ய முடியாது. செய்யும்வரை யாருடைய மூச்சு காத்திருக்கும்? நாளை உங்கள் வீட்டில் ஒருத்தி மூச்சு முட்டுகிறது என்றால், முதலில் அவள் கையிலிருக்கும் முறத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடுங்கள்.

களைத்தவன் பேச்சைக் களைக்காமல் கேட்டீர்கள், உங்களுக்கு என் நன்றி. தாய்மார்கள் பார்த்து நடந்து வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.