ஹிஷினுமா தேடிய வெளிர்ச் சாம்பல்

மேடையில் வீற்றிருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, ஹிஷினுமா அவர்களின் துணைவியார் அவர்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்கு மிசோரே ஊரிலிருந்து பேருந்தில் வந்திருக்கும் நகராட்சி நண்பர்களே, வணக்கம். எனக்கு மேடைப்பேச்சு வராது. எழுதி வந்ததையே படிக்கிறேன்.

நகல் இயந்திரப் பொறியாளர் ஹிஷினுமா தெத்சுரோ! முப்பத்தோராண்டு என் பக்கத்து மேசைக்காரர். எப்பேர்ப்பட்ட மனிதர்!

நம் இயந்திரத்துக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும். சாம்பல் நிறப் புள்ளியை வெள்ளை என்று முடிவு செய்தால், விடுபட்ட கருமையைப் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். அப்போதுதான் மெல்லிய கோடும் நகலில் விழும். இயந்திரத்தின் நிரலில் அப்படிப் பகிரும் பகுதியை எழுதியவன் நான்.

ஒருநாள் அவர் கேட்டார்: "குகா-சான், வெளிர்ச் சாம்பலோட மீதிக் கருமை எங்கே?"

"தூக்கிப் போட்டுட்டேன். தாள் அழுக்காத் தெரியுதுன்னு விற்பனைக்காரங்க உயிரை எடுக்கறாங்க."

"அழுக்கா? முதல்ல உங்க மூக்குக் கண்ணாடியைத் துடைங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாற்றவில்லை. இயந்திரங்கள் விற்றுப் போயின.

ஓய்வு பெற்ற பின் அவர் என்ன செய்தார்? ஊர் ஊராகப் போய் அந்த இயந்திரங்களைத் தேடினார்! சென்ற மாதம் மிசோரே நகராட்சியில் ஒன்றைக் கண்டார். பென்சிலால் மெல்லிய கோடு இழுத்து நகல் எடுத்தார். வெறும் வெள்ளைத் தாள் வந்தது.

"சுத்தமாத்தானே வந்திருக்கு தாத்தா, இதுக்கா அழறீங்க?" என்றாராம் எழுத்தர்.

அவர் ஏன் அழுதார்? மிசோரேக்குப் போகும் மலைச் சுரங்கப்பாதையின் விரிசல்களை ஆய்வாளர் பென்சிலால்தான் குறிக்கிறார். மேலதிகாரிகள் பார்ப்பது நகலை மட்டும். மூலத்தை எரித்துவிடுகிறார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக அந்த நகல்களில் ஒரு விரிசல்கூட இல்லை!

பாதையை மூடுங்கள் என்று மன்றாடினார். அடுத்த ஆய்வு வசந்தத்தில்தான் என்றார்கள். பத்தாம் நாள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது.

நான் அஞ்சுவது தவறாகவும் இருக்கலாம். தவறாகவே இருக்கட்டும். ஆனாலும் அவர் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்வேன். நாளைக் காலை, பிழை என்னுடையது என்று கையெழுத்திட்ட கடிதத்துடன் நகராட்சி வாசலில் நிற்பேன். பாதை மூடப்படும்வரை தினமும் நிற்பேன்.

நாளை என்பது சரி. இன்று?

மிசோரே நண்பர்களே, உங்கள் பேருந்து நான்கரைக்குக் கிளம்புகிறது. ஓட்டுநரிடம் சொல்லிப் பார்த்தேன். "இருபது வருஷமா அந்தப் பாதையிலதான் போறேன், ஒண்ணும் ஆகலையே தாத்தா" என்று சிரித்தார்.

ஆகவே உங்களையே கும்பிட்டுக் கேட்கிறேன். இரண்டு மணி நேரம் கூடினாலும் பரவாயில்லை, மலையைச் சுற்றிப் போங்கள்.