எட்டாம் நம்பர் கை தூக்கியது எதற்காக?

கால்பந்துச் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் என்னோடு அமர்ந்திருக்கும் செயற்குழுவினரே, முன்வரிசையில் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் மறைந்த எங்கள் எட்டாம் நம்பரின் துணைவியாரே, மகளே, சலவை நிலையத் தோழர்களே, அவருடைய வேனில் ஏறி மருத்துவமனைக்குப் போய்வந்த பெரியோர்களே, அவரோடு ஆடியவர்களே, ஆட்டத்தில் அவரை உதைத்தவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

முப்பது வருடம் விசில் ஊதிய ரெஃப்ரி நான். ஒலிபெருக்கி முன்னால் நின்று பழக்கமில்லை. என் பேச்சில் கோர்வை இருக்காது, கோபம் இருக்கும். அது யார் மேல் என்பது போகப் போகத் தெரியும்.

தலைவர் என் கையில் ஒரு தீர்மானத்தைக் கொடுத்திருக்கிறார். சங்கத்தின் விருதுக்கு இனி எட்டாம் நம்பரின் பெயர். மைதான வாசலில், வலது கையைத் தூக்கி நிற்கும் அவருடைய சிலை. இதைப் படித்துவிட்டு, கைதட்டலை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என் வேலை. தலைவர் அவர்களே, காகிதம் பத்திரமாக என் சட்டைப்பையில் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

யார் இந்த எட்டாம் நம்பர்? சலவை நிலையத்தின் வேன் ஓட்டுநர். நம் ஊர் அணியின் நடுக்கள ஆட்டக்காரர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், விளையாட்டுப் பண்புக்கும் சமூகத் தொண்டுக்குமாக நம் சங்கம் விருது ஒன்றைத் தொடங்கியபோது, அதை முதலில் பெற்றவர். ‘நேர்மைச் செம்மல்’ என்று பட்டமும் சூட்டினோமே, எதற்காக? அந்த வருட இறுதிப்போட்டிக்காக! கடைசி நிமிடம். பந்தை மார்பில் வாங்கி மச்சானிடம் தள்ளினார். மச்சான் என்றால் நிஜமாகவே மச்சான்: மனைவியின் அண்ணன், அணியின் ஸ்ட்ரைக்கர். அவர் அடித்த பந்து வலைக்குள் போனது. பார்த்தால், எட்டாம் நம்பர் வலது கையைத் தூக்கியபடி நிற்கிறார். பந்து கையில் பட்டதை அவரே ஒப்புக்கொள்கிறார் என்று விசில் ஊதினேன். கோல் ரத்து, கோப்பையும் போனது. ஆனால் மைதானமே எழுந்து நின்று கைதட்டியது! எதிரணிக்காரர்களே அவரைக் கட்டிப்பிடித்தார்கள்! இந்தக் கதை தெரியாதவர் இங்கே உண்டா?

கதைதான், நண்பர்களே. வெறும் கதை.

விருதை அறிவித்த மறுநாள், நான் வேலை பார்த்த அஞ்சல் நிலையத்துக்கு அவர் நொண்டிக்கொண்டே வந்தார். நான் பார்சல்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

“சார், பந்து நெஞ்சுலதான் பட்டுச்சு. தொடை பிடிச்சுக்கிச்சு, ஆள மாத்துங்கன்னு எங்க பயிற்சியாளரப் பாத்துக் கை தூக்கினேன். நீங்க ஏன் சார் ஊதினீங்க?”

அடுத்த மாதம் பெரிய போட்டிகளுக்கு ரெஃப்ரிகளைத் தேர்ந்தெடுக்க இருந்தார்கள். என்ன சொன்னேன் தெரியுமா?

“தம்பி, ரிப்போர்ட் போயிருச்சு. இப்ப நீ வாயத் தொறந்தா என் பொழப்பு நாறிடும். எல்லாரும் உன்னத் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க. பேசாம வாங்கிக்கோ.”

“தொண்டுன்னு வேற போட்டிருக்காங்க சார். நான் என்னத்த செஞ்சேன்? ஒரே ஒரு தடவ ரத்தம் குடுக்கப் போனேன், ஊசியப் பாத்ததும் மயங்கி விழுந்துட்டேன்!”

“அப்ப இனிமே செய்” என்றேன்.

செய்தார்! செவ்வாய், வெள்ளி தவறாமல், விடுதிகளுக்குப் போர்வைகளை இறக்கிவிட்டு, அதே வேனில் டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போனார். மூட்டைகளில் சாய்ந்தபடி அவர்கள் போவார்கள். ஒருமுறை ஒரு அம்மா வெளுத்த விரிப்பின் மேல் வாந்தி எடுத்துவிட்டு அழுதபோது, “நான்தான குலுக்கி ஓட்டினேன், நீங்க ஏன்மா அழறீங்க?” என்று தானே துவைத்துப் போட்டார். அதை அவர் முழு மனதோடு செய்தார். சத்தியமாகச் சொல்கிறேன்.

மற்றதெல்லாம்? ஆட்டத்தில் முழங்காலில் உதைப்பார்கள். “என்ன செம்மல், கோவம் வருதா?” என்று கேலி செய்வார்கள். திருப்பி முறைத்தால்கூட, விருது வாங்கியவர் இப்படிச் செய்யலாமா என்று மைதானம் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் அவர் வாசலை மறித்து வண்டி நிறுத்தினார், கேட்க முடியவில்லை. கோபம் வந்தால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே நின்று கத்துவார் என்று அவர் துணைவியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாம் கொடுத்தது விருதா, விலங்கா?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. “பேர் வாங்கணும்னு என் கோல வித்துட்டான்” என்று சொன்ன மச்சான், அன்றோடு பேச்சை நிறுத்தினார். தங்கை உண்மையைச் சொன்னபோது, “உன் புருஷன் நல்லா கத சொல்றான்” என்று எழுந்து போய்விட்டார். தங்கை மகளின் திருமணத்துக்கும் அவர் வரவில்லை.

“நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். ரெஃப்ரி சொன்னாத்தான் அவன் நம்புவான்” என்று எட்டாம் நம்பர் என்னிடம் எத்தனை முறை கேட்டார்! பதவி உயர்வு வரட்டும் என்றேன். ஓய்வு பெற்றுக்கொள்கிறேன் என்றேன். இத்தனை வருடம் கழித்து எதற்கு என்றேன். போன மாதம் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டார். “நல்லாயிட்டு வா, சேர்ந்து போய்ச் சொல்லலாம்” என்றேன். அவர் சிரித்தார். பாவி நான், அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

இன்று இந்த மண்டபத்து வாசலில் அவர் துணைவியார் என்னை நிறுத்தினார். “ஐயா, அவரு போயிட்டாரு. நீங்களும் போயிட்டா, அப்புறம் எங்க அண்ணன்கிட்ட யாரு சொல்றது?”

சொல்லிவிட்டேன், அம்மா. இதோ, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

தலைவர் அவர்களே, உங்கள் காகிதத்தைத் திருப்பித் தருகிறேன். விருதுக்கு அவர் பெயரைத் தாராளமாக வையுங்கள், ஆனால் அந்த வேனுக்காக வையுங்கள்! அந்தச் சிலை மட்டும் வேண்டாம். உயிரோடு இருந்தபோது அவரை அப்படி நிறுத்தி வைத்தது போதும்.

வேனில் போய்வந்த பெரியோர்களே, செவ்வாய்க்கிழமை காலை வண்டி வரும். முதலாளியிடம் கேட்டுச் சாவி வாங்கிவிட்டேன். எனக்கு அறுபத்தேழு வயது. மெதுவாகத்தான் ஓட்டுவேன், ஆனால் வருவேன். என் உடம்பில் தெம்பு இருக்கும்வரை அவருடைய செவ்வாயும் வெள்ளியும் நிற்காது. இது அவர் படத்தின் முன் நான் சொல்லும் உறுதி.

நன்றி சொல்லி முடிக்க வேண்டிய இடம் இது. ஆனால் அங்கே கதவோரம் நிற்கும் ஸ்ட்ரைக்கரே, எங்கே கிளம்புகிறீர்கள்? அது கோல். சுத்தமான கோல். உங்கள் மச்சான் அதை விற்கவில்லை, நான்தான் விற்றேன். என்னை அடிக்கவும் திட்டவும் உங்களுக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது. உங்கள் தங்கைக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. முதலில் போய் அங்கே உட்காருங்கள்.