ஏழு கை மாறிய வீடு

— சத்தியமா சொல்றேன் மிஸ் ஓவீட்டா, இந்த மெம்ஃபிஸ்ல எவனும் பண்ணாததை நான் பண்ணிட்டேன். எனக்குச் சொந்தமே இல்லாத வீட்டை வித்தேன். அதையே ரெட்டை விலை குடுத்து நானே வாங்கிட்டேன்!

— காதுல பூ சுத்தாதே, கேடிஸ். முதல்ல அந்தக் கேக்கைத் தின்னு. என் மகன் டெரல் நேத்து வாங்கிட்டு வந்தான். புது யாவாரத்துல முதல் காசு வந்துச்சாம்.

— நீங்க இந்த வீட்டை விக்கிறது அவனுக்குத் தெரியுமா?

— சொல்லல. கூரை ஒழுகுது, வரி நிக்குதுன்னு தெரிஞ்சா இருக்கிறதையெல்லாம் என்கிட்ட கொட்டிருவான். அதான் மின்கம்பத்துல நீ அடிச்ச அட்டையைப் பார்த்து உன்னைக் கூப்பிட்டேன். ‘எந்த நிலையில் இருந்தாலும் வீடு வாங்குவோம்.’ முப்பத்தெட்டாயிரம் டாலர்னு கையெழுத்தும் போட்டாச்சு. இப்ப எதுக்கு வந்தே? பத்தாயிரம் குறைக்கவா? கடைசி வாரம் வந்து கழுத்தறுப்பீங்கன்னு எதிர்வீட்டுக்காரி சொன்னா.

— குறைக்க வரல. ஒப்பந்தத்தைக் கிழிக்க வந்தேன்.

— ஆமா ஆமா. வேற?

— நான் வீடு வாங்குற ஆளே இல்லீங்க. நானூறு வீட்டுக்குக் கையெழுத்து வாங்கியிருப்பேன், ஒரு கதவுக் கைப்பிடி கூட என் பேர்ல கிடையாது. அந்தக் காகிதத்தை இன்னொருத்தனுக்குக் கைமாத்திவிட்டு, நடுவுல நிக்கிற காசை எடுத்துக்குவேன்.

— இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா யாரு கையெழுத்துப் போடுவா?

— வெக்கங்கெட்டவனே. அப்புறம்?

— வாங்கினவன் அடுத்தவனுக்கு, அவன் அதுக்கடுத்தவனுக்கு. ஆளுக்கு ஆறாயிரம் ஏத்திக்கிட்டே போனாங்க. விலாசத்தை மட்டும் யாரும் வெளிய விடமாட்டோம். விட்டா அவன் நேரா உங்க கதவைத் தட்டிருவானே! நாலாம் நாள் என் போனுக்கே செய்தி: ‘மூணு படுக்கையறை, கூரை வேலை இருக்கு, எண்பதாயிரம், முந்துங்க.’ முந்தினேன். அஞ்சாயிரம் முன்பணம் போனப்புறம்தான் விலாசம் வந்துச்சு; எனக்கு வித்தவன்கிட்டகூட அது இல்ல, அவனுக்கு முந்தினவன் நேரா எனக்கு அனுப்பினான். உங்க விலாசம்!

— இப்படியொரு மடையன் இருக்க முடியாது. நம்பமாட்டேன்.

— வண்டியில உக்காந்து சிரிச்சேன் பாருங்க, நாலு டயர்லயும் காத்து இறங்கிப்போச்சு. அப்புறம் சட்டுனு சிரிப்பு நின்னுருச்சு. ஏழு பேரு ஆளுக்கொரு வாய் கடிச்சும் இந்த வீட்டுல இன்னும் சதை மிச்சமிருக்கு. அப்ப, உங்களுக்கு நான் சொன்ன விலை? அலுத்துப்போச்சும்மா. இந்தாங்க, கிழிங்க. ஒழுங்கான தரகர் யார்கிட்டயாவது குடுங்க.

— உன் அஞ்சாயிரம்?

— போச்சு. எவன்கிட்டன்னு போய்க் கேக்குறது? பேரு கூடச் சொல்லல. ‘சார்ஜன்ட் பட்டன் வீடுகள்’னு ஒரு கம்பெனிப் பேரு, அவ்வளவுதான்.

— என்ன பேரு?

— சார்ஜன்ட் பட்டன். ஏன், தெரிஞ்ச கம்பெனியா?

— வாசல்ல உன்னைப் பார்த்துக் குரைச்சுதே, பல்லுப் போன நாய். அது பேரு என்ன தெரியுமா?

— அதுக்கும் இதுக்கும் என்ன…

— டெரல் எட்டு வயசுல வச்ச பேரு. சார்ஜன்ட் பட்டன்.

— மிஸ் ஓவீட்டா…

— காகிதத்தைக் குடு, கிழிக்கிறேன். நீ சொன்னது அத்தனையும் நடந்துதான்டா இருக்கு. வித்தது அம்மா வீடுன்னே தெரியாம, யாரோ ஒரு கிழட்டு மடையன் அஞ்சாயிரம் அனுப்பினான்னு விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டே, டெரல் வாங்கிட்டு வந்த கேக்குதான் நீ தின்னுக்கிட்டு இருக்கிறது.