குளியல் விடுதியில் பள்ளி நடத்திய சாய்கல் எஜேவுக்கு

கோக்-தோபோ குடியிருப்பின் குளிர் விரட்டிய கோமகளே! குடியிருப்புச் சான்று இல்லாத பிள்ளைகளுக்கும் பள்ளிக் கதவைப் பிடிவாதத்தால் திறந்த பெருமாட்டியே! மறுப்பவர் வாயில் மறுமொழி பிறக்குமுன் நன்றி கூறி மடக்கும் நாவரசியே! ஊரே ‘எஜே’ என்று அக்கா முறை கொண்டாடும் எங்கள் துணைத் தலைமையாசிரியர் சாய்கல் அவர்களே! பணி நிறைவு பெறும் உங்களைப் பிரிய மனமின்றியும், இனிக் காலை ஏழு மணிக்கு உங்கள் தொலைபேசி வராது என்ற சிறு நிம்மதியோடும் வணங்குகிறோம்.

மலையூர்களை விட்டுப் பிழைப்புத் தேடித் தலைநகர் ஓரத்தில் மண்வீடு கட்டியவர்களின் பிள்ளைகள், சந்தையில் சுமைவண்டி தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்காக நீங்கள் தோற்றுவித்த ‘தோள்கொடுப்போர் கூட்டு’ பற்றி இன்று பலரும் மேடையில் புகழ்கிறார்கள். அதில் எங்களில் ஒருவர்கூட விரும்பிச் சேரவில்லை என்ற உண்மையை இம்மடலில் பதிவு செய்கிறோம். குளியல் விடுதி நடத்தும் டோரோன்பெக்கிடம் நீங்கள் சென்ற நாளை நினைத்துப் பாருங்கள்.

“தம்பி, சாயங்காலம் பிள்ளைங்க படிக்க உன் பின்பக்க அறையைக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றிப்பா.”

“நான் எப்ப குடுத்தேன், எஜே?”

“நேத்து பெற்றோர் கூட்டத்துல சொன்னேனே! எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. உங்கம்மா அழுதே விட்டாங்க.”

தாய் அழுத பிறகு மகன் என்ன செய்வான்? அறையைக் கொடுத்தான். நீர் காய்ச்சும் அடுப்பின் வெதுவெதுப்பில், சோப்பு மணக்க மணக்கப் பெருக்கல் வாய்பாடு முழங்கியது. இதே வழியில்தான் மினிபஸ் ஓட்டும் மாக்ஸாத் பிள்ளைகளைக் கட்டணமின்றி ஏற்றலானான். தையல் கூடத்துப் பெண்கள் பழைய கம்பளிகளைப் பள்ளிக் கோட்டுகளாக வெட்டலானார்கள்.

இத்தனை சிறப்புக்கும் சிகரம், குழந்தை எர்போல் காணாமற்போன நாள்.

ஒன்பதாம் வகுப்பு பெர்மெத் திடீரெனப் பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். தந்தை ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். தாய் ஜிபெக் விடியுமுன் சந்தைக்குச் சம்சா சுடப் போனாள். கைக்குழந்தைத் தம்பி எர்போலை வேறு யார் பார்ப்பது? கணக்கில் புலியான அந்தப் பெண், வீட்டில் குழந்தைத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் சென்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். காலையில் குளியல் விடுதி, மதியம் மாக்ஸாத்தின் வண்டியேறித் தையல் கூடம், மாலையில் அக்காவின் மடி என்று எர்போலுக்கு வழித்தடம் வகுத்தீர்கள்.

சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. பிறகு ஒரு ஜனவரி நாள் வந்தது. குளிக்கும் இடத்தில் கல்வியா என்று யாரோ மொட்டைக் கடிதம் போட, வகுப்பை மூடுவதற்கென மாவட்டக் கல்வி அதிகாரி அன்று வருவதாக இருந்தது. வெளியே பனி கொட்டியது. தையல் கூடத்தில் மின்சாரம் இல்லை, பூட்டிவிட்டார்கள். மாலையில் பெர்மெத் குளியல் விடுதிக்கு வந்து, “என் தம்பி எங்க?” என்றாள். டோரோன்பெக் மாக்ஸாத்தைப் பார்த்தான்.

“புள்ளைய யார்கிட்டடா குடுத்த?”

“தையல் கூடம் பூட்டியிருந்துச்சு. திரும்ப இங்கயே கொண்டாந்தேன். வாசல் பெஞ்சுல தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருந்தாரு. ‘பிடிங்கண்ணே, எஜே சொன்னாங்க’ன்னு குடுத்துட்டு ஓடிட்டேன். பஸ்ல ஆளுங்க கத்திக்கிட்டிருந்தாங்க.”

“ஜனவரி மாசத்துல தொப்பி போடாதவன் இந்த ஊர்ல எவன்டா இருக்கான்?”

செய்தி பரவியது. நீராவி அறையிலிருந்த கனவான்கள் துண்டோடு பனியில் இறங்கித் தெருவெங்கும், “எர்போல்! எர்போல்!” என்று கூவினார்கள், பேசத் தெரியாத குழந்தை பதில் சொல்லும் என்பதுபோல. ஜிபெக் மாவுக் கையோடு சந்தையிலிருந்து ஓடி வந்தாள்.

“உங்கள நம்பித்தானே குடுத்தேன், எஜே!”

எங்கள் எஜே வாயடைத்து நின்றதை அன்றுதான் கண்டோம். அப்போதுதான் எங்களுக்கும் உண்மையாகவே பயம் பிடித்தது.

பின்பக்க அறையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அங்கேதான் வகுப்பு நடக்கிறதே என்று விட்டுவிட்டோம். நீங்கள் கதவைத் திறந்தீர்கள். அடுப்போரம் நரித்தோல் தொப்பியோடு ஒரு மனிதர் அசையாமல் அமர்ந்திருந்தார். அவர் மார்பில் எர்போல் உறங்கிக்கொண்டிருந்தான். சுற்றிலும் பிள்ளைகள். அவர் பின்னக் கணக்கைக் கிசுகிசுப்பாக விளக்கிக்கொண்டிருந்தார். வாசலில் காற்று அடித்ததாம், குழந்தை அழுததாம், வெதுவெதுப்பைத் தேடி உள்ளே வந்தாராம். ஜிபெக் ஓவென்று அலறப் போக, அவர் விரலை உயர்த்தினார்.

“மெதுவா பேசுங்கம்மா! இப்பத்தான் தூங்கினான்.”

வகுப்பை மூட வந்த அதிகாரி அவர்தான். நீங்கள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதீர்கள். அவர் மூடும் ஆணையை எடுக்கவே இல்லை. எடுக்க ஒரு கையும் காலியில்லை என்று பின்னால் சிரித்தபடி சொன்னார். அடுத்த வாரம் கரும்பலகை ஒன்று வந்து சேர்ந்தது. அன்று முதல் குழந்தையைக் கைமாற்றுவோர், வாங்குபவரின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டீர்கள். பெர்மெத் பள்ளியை முடித்து, இன்று செவிலியர் கல்லூரியில் படிக்கிறாள். எர்போல் நம் பள்ளியிலேயே முதல் வகுப்பில் இருக்கிறான். அவனைப் பற்றித்தான் புகார்கள் அதிகம்.

ஏரிக்கரையில் மகள் வீட்டு வாதுமைத் தோட்டத்தில் இனி ஓய்வு கொள்ளப் போகிறீர்கள். மூட்டுவலி உங்களை மறக்கட்டும்! பசியும் உறக்கமும் பேரன் பேத்தியரும் உங்களை மறவாதிருக்கட்டும்! நூறு வசந்தங்கள் உங்கள் வாசல் தேடி வரட்டும்!

ஒரு செய்தி சொல்லி முடிக்கிறோம். உங்கள் பணியைப் பங்கிட்டுக்கொள்ளச் சென்ற வாரம் கூடினோம். தலைவர் யார் என்று சண்டையிட்டு, தேநீர் ஆறிப்போகக் கலைந்தோம். மறுநாள் மலைப்பக்கத்து நாரினிலிருந்து ஒரு குடும்பம் புதிதாக வந்திறங்கியது, மூன்று பிள்ளைகளோடு. யாரும் யாரையும் கேட்கவில்லை. மாக்ஸாத் வண்டியை நிறுத்தினான், தையல் கூடத்தில் அளவெடுத்தார்கள், டோரோன்பெக் அடுப்பில் விறகைக் கூட்டினான். மாலையில் மூவரும் வகுப்பில் இருந்தார்கள். உங்களிடம் சொல்ல மறந்தே போனோம், எஜே. அது பெருமையா வருத்தமா என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அழைப்புக்கு அஞ்சியே நல்லவர்களான
பள்ளி ஆசிரியர்கள், அலுவலர்கள் மற்றும் தோள்கொடுப்போர் கூட்டினர்,
கோக்-தோபோ.